கண்ணை மூடி எடுத்த கேசட்டுகள்

சித்ரலேகாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையெழுத்து அழகாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவள். இப்போதெல்லாம் பத்திரம் கம்ப்யூட்டரில்தான் அடிக்கப்படுகிறது. ஆனாலும் முதல் படியைக் கையால் எழுதிப் பார்க்காமல் அவளுக்கு ஓடாது. பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பிகள் அவள் மேசை முன்னாலேயே மல்லுக்கு நின்றால் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். எழுத்து மட்டும் முத்து முத்தாக விழ ஆரம்பிக்கும். பழகினவர்கள் அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை மூன்று வெவ்வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறாள், மூன்றும் பொய். கல்லிடைக்குறிச்சியில் அண்ணன் தில்லைநாயகத்தின் வீட்டு மாடி அறையில் அவளும் அவளுடைய முந்நூற்று நாற்பது கேசட்டுகளும் குடியிருக்கிறார்கள்.

அத்தனையும் அவள் சம்பாத்தியத்தில் சேர்த்தவை. பாதி, கடையில் வாங்கியவை. மீதி, அந்தக் காலத்தில் ரிக்கார்டிங் கடைக்காரரிடம் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. அந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். பட்டியல் முடிந்து நாடாவில் இடம் மிச்சம் இருந்தால் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை அவராகவே போட்டு அடைத்துவிடுவார். யாரைக் கேட்டு இதைப் போட்டீர் என்று சித்ரலேகா அவரிடம் நாலைந்து தடவை சண்டைக்குப் போயிருக்கிறாள். கடைசியில் அவள் அதிகம் கேட்டது அந்தக் கேட்காத பாட்டுகளைத்தான். அதை ஒருநாளும் அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக்குள் கையை விட்டாள். கையில் வந்த கேசட்டைப் போட்டாள், நாடா எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே ஓடவிட்டாள். என்ன பாட்டு வந்ததோ அதைப் பற்றி நாலு வரி ஒரு நோட்டில் எழுதினாள். மறுநாளும் அதையே செய்தாள். அப்புறம் பல் தேய்க்கிற மாதிரி அது அன்றாடக் காரியமாகிவிட்டது.

எழுதியது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ராகம், தாளம் என்று அவள் வாயே திறக்கமாட்டாள். பாட்டு கேட்கிறபோது மனதில் பட்டதை, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல எழுதிவைப்பாள். ஒரு தாலாட்டைப் பற்றி இப்படி எழுதினாள்: ‘இதில் பதினாலு வயலின் வாசிக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்பள மாவு இடிக்கிற சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகூட முழித்துக்கொள்ளும்.’ காதலியைத் தேடி ஒருவன் மலை மலையாகப் பாடித் திரிகிற பாட்டுக்கு எழுதியது: ‘எதிரே வந்த ஆளிடம் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் முதல் சரணத்திலேயே கிடைத்திருப்பாள்.’ சோகப் பாட்டு ஒன்றுக்கு: ‘பாடுகிறவர் அழவில்லை. புல்லாங்குழல் மட்டும் அழுகிறது. அதுதான் சரி. ஒரு வீட்டில் ஒருத்தர் அழுதால் போதும்.’

இந்தக் குறிப்புகளைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்ததில்தான் வினையே. சித்ரலேகாவிடம் இருப்பது பட்டன் போன். ஒரு சர்வே எண் மாறினால் ஒருத்தன் வயல் இன்னொருத்தனுக்குப் போய்விடுகிற தொழிலில் இருந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் மணியடிக்கிற சனியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளமாட்டேன் என்பது அவள் கட்சி. அதனால் அண்ணன் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நேரத்தில் அவருடைய போனை எடுத்து, நோட்டில் உள்ளதில் குழுவுக்கு ஏற்றதாக ஒன்றைப் பார்த்து அடித்து அனுப்புவாள். அது ‘தில்லைநாயகம்’ என்ற பேரில்தான் போகும்.

“அண்ணாச்சி, அந்தத் தாலாட்டு விஷயம் வயித்த வலிக்கச் சிரிச்சோம்” என்று தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எழுதினார். தில்லைநாயகம் ஒரு கும்பிடு போட்டார். “அண்ணாச்சிக்குள்ள இப்படி ஒரு ரசிகரா!” என்று இன்னொருவர். அதற்கும் ஒரு கும்பிடு. சித்ரலேகா அதையெல்லாம் பார்த்துச் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடக்கிற காரியம், இதில் பேர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தாள். ஊரார் எழுதிக்கொள்கிற பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினால் கொதிக்கிறவள், தன் காரியத்தில் இப்படி அசட்டையாக இருந்தது அவள் தப்புதான். அவளே பிற்பாடு அப்படித்தான் சொன்னாள்.

தில்லைநாயகம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த வருஷம் அறுபது நிறைந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பெங்களூரிலிருந்து மகன் கணேஷ்ராம் ஒரு மாதம் முன்னாலேயே வந்து இறங்கினான். வந்தவன் மாடிக்கு ஏறினான்.

“அத்தை, அந்தப் பாட்டு நோட்ட கொஞ்சம் தாங்களேன். ஸ்கேன் பண்ணி வைக்கேன். தாள் பூரா பழுத்துக்கிட்டு வருது.”

பிள்ளைக்கு என்ன அக்கறை என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். எடுத்துக் கொடுத்தாள். குழுவில் போடாத பக்கங்களும் அதில் இருந்தன. அதை அந்த நேரத்தில் அவள் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் தாம்பூலப் பை போடுகிற வேலை. சித்ரலேகாவும் மதினி கோமுவும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணேஷ்ராம் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். முகமெல்லாம் பல்.

“பையில இதையும் ஒண்ணு ஒண்ணு வைங்க. சர்ப்ரைஸ்!”

வழவழ அட்டையில் ஒரு புத்தகம். முகப்பில் தில்லைநாயகம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். மேலே ‘இன்னிசை நினைவலைகள்’ என்று கொட்டை எழுத்து. கீழே ‘எழுதியவர்: தில்லைநாயகம்’. சித்ரலேகா முதல் பக்கத்தைத் திருப்பினாள். பதினாலு வயலின். அடுத்த பக்கத்தில் மலை மலையாகத் திரிகிறவன். அதற்கடுத்து புல்லாங்குழல்.

அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அட்டைக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். நினைவலையாம்! அவள் ஆயுசில் எழுதியிராத ஒரு வார்த்தையை அட்டையில் போட்டு, அவள் எழுதிய அத்தனை வார்த்தையையும் உள்ளே இன்னொருத்தர் பேரில் போட்டிருக்கிறார்கள். அதை அவள் கையாலேயே பையில் வைக்கச் சொல்லுகிறார்கள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றாள். அங்கே இப்படி அச்சாகியிருந்தது:

‘நான் பெண் பார்க்கப் போன அன்று இந்தப் பாட்டை ஒரு பெண் பாடினாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். முதல் சரணம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாவதில் வார்த்தை வரவில்லை, பாவம். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். இப்போது கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.’

அந்தப் பச்சைச் சேலை அவளுடையது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவள்தான் பாடினாள். வார்த்தை மறந்து நின்றதும் அவள்தான். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. போன ஆடியில் ஒரு நாள் அந்தக் கேசட் கையில் வந்தபோது ஆறு வரி எழுதி, குழுவில் போடாமல் நோட்டோடு மூடிவிட்டாள். அதைத் தோண்டி எடுத்து, ஆம்பிளை வேஷம் கட்டி, அவளைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் ஒருவராக அவளையே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். யாருக்காவது பொறுக்குமா?

“கணேசா, இங்க வா.”

வந்தான்.

“இத எழுதுனது யாரு?”

“நீங்கதான் அத்தை. ஆனா எல்லாரும் அப்பா எழுதுனதாத்தான நினைச்சிட்டு இருக்காவ? குரூப்புல அவ்வளவு பேரு. இப்பப் போயி இல்லன்னு சொன்னா அப்பாவுக்கு அசிங்கம்லா?”

“சரி. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல உள்ளத எழுதுனது யாரு?”

அவன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“அது... பொம்பளை எழுதுன மாதிரி இருக்கத எல்லாம் ஆம்பளை எழுதுன மாதிரி மாத்திக் குடுன்னு கம்ப்யூட்டர்ல ஏஐகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அதுவா மாத்திக் குடுத்துட்டு. நான் எல்லாத்தையும் படிச்சுப் பாக்கல அத்தை.”

படிக்கவே இல்லை! படித்துவிட்டு மாற்றினான் என்றாலாவது ஒரு அயோக்கியத்தனம் என்று திட்டலாம். படிக்காமலே ஒருத்தியின் மானத்தை மாற்றி அச்சடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக எதிரே நிற்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

“ஊரான் வயலுக்கு நான் பத்திரம் எழுதுதேன். அதுல ஒரு சென்ட் எனக்குக் கெடையாது. அந்தப் பத்திரத்துக்கே, எழுதியது இன்னாருன்னு அடியில என் பேரு இருக்குலே. என் சொந்தச் சங்கதிக்கு அடியில உங்கப்பா பேரா?”

இதற்குள் கோமு அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கோமு நாலு முழம் மல்லிகைப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நாளைய மணப்பெண்ணாகப் பூரித்துக்கொண்டிருந்தவள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

“யாரு இந்தப் பச்சைச் சேலை?” என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

“என்னப் பாக்க வந்தப்ப நான் பாடவே இல்லையே. கேசரியத் தின்னுட்டு, காப்பியக் குடிச்சிட்டு, நல்ல பிள்ளையாட்டம் எந்திரிச்சிப் போனாவ. உன்னத் தவிர வேற எந்தப் பொண்ணையும் பார்த்ததில்லன்னு சத்தியம் பண்ணுனாவளே! ஏலே, உங்கப்பாவக் கூப்பிடு. இந்த மனுசன் பொய்க்குச் சமாதானம் சொல்லாம நாளைக்கு நான் மணவறையில உட்காரமாட்டேன்.”

தில்லைநாயகம் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர், துண்டை உதறிக்கொண்டே வந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முகப்புப் படத்தைத்தான் முதலில் பார்த்தார். திருப்தியாக இருந்தது. கோமு நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து மூக்குக்கு நேரே நீட்டினாள். படித்தார். கண் சித்ரலேகாவின் பக்கம் போய்த் திரும்பியது.

“இது நான் இல்ல கோமு. நான் வேற யாரையும் பாக்கப் போகல.”

“நீங்க எழுதுனது இல்லையா?”

“இல்ல.”

“அப்ப இந்தத் தாலாட்டு, புல்லாங்குழலு?”

தில்லைநாயகம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மூன்று வருஷமாகப் போட்ட கும்பிடுகள் எல்லாம் அந்தக் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

“எல்லாம் சித்ரா எழுதுனது,” என்றார்.

கோமுவுக்கு நிம்மதி வந்துவிட்டது. நிம்மதி வந்த கையோடு புருஷன் மேல் வேறு விதமான கோபமும் வந்தது. கணேஷ்ராம் இடையில் புகுந்தான். “சரி, விடுங்க. புத்தகத்த வைக்க வேண்டாம். இல்லன்னா ஒயிட்னர் வாங்கிட்டு வந்து பேர மட்டும் அழிச்சிருவோம்.”

“ஒயிட்னரா!” என்றாள் சித்ரலேகா. அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வந்தது. “ஒயிட்னர் போட்ட பத்திரத்த ரிஜிஸ்டரார் கையாலகூடத் தொடமாட்டாரு. அழிக்கக் கூடாதுலே. குறுக்க ஒத்தக் கோடுதான் போடணும். அடியில என்ன தப்பு கெடந்ததுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். மேல சரியானத எழுதணும். ஓரத்துல எழுதிக் கொடுக்கிறவர் கையெழுத்து வைக்கணும். கையெழுத்து இல்லாத திருத்தம் செல்லாது.”

“எழுதிக் கொடுக்கிறவருன்னா?”

“யாரு பேருல தப்பு இருக்கோ அவரு.”

எல்லோரும் தில்லைநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் பந்தலைப் பார்த்தார்.

“நூத்தம்பது புத்தகம்ளா சித்ரா,” என்றார் பைய.

“எனக்கு முப்பது வருச அனுபவம் இருக்கு அண்ணாச்சி.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சமையல்கட்டிலிருந்து ஒரு மேசை வந்தது. சித்ரலேகா தன் பையிலிருந்து இரண்டு பேனாவையும் மர அடிக்குச்சியையும் எடுத்தாள். அடிக்குச்சியையும் ஒரு பேனாவையும் கோமு பிடுங்கிக்கொண்டாள். கோடு போடுகிற வேலையை அவளுக்கு வேறு யாரிடமும் கொடுக்க மனதில்லை. ‘எழுதியவர்: தில்லைநாயகம்’ என்பதில் புருஷன் பேரின் மேல் அவள் இழுத்த கோடு அட்டையின் மறுபக்கம் வரைக்கும் பதிந்தது. சித்ரலேகா அதற்கு மேலே தன் பேரை எழுதினாள். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. தில்லைநாயகம் ஓரத்தில் கையெழுத்து வைத்தார். ‘இன்னிசை நினைவலைகள்’ என்பதும் அடிபட்டது. ‘பாட்டுக் குறிப்புகள்’ என்று அவள் எழுதினாள், அதற்கும் ஒரு கையெழுத்து.

அப்புறம் நாற்பத்தொன்றாம் பக்கம்.

‘நான் பெண் பார்க்கப் போன’ அடிபட்டு ‘என்னைப் பெண் பார்க்க வந்த’ ஆயிற்று. ‘ஒரு பெண் பாடினாள்’ என்பது ‘நான் பாடினேன்’. ‘கட்டியிருந்தாள்’ என்பது ‘கட்டியிருந்தேன்’. ‘பாவம்’ என்ற வார்த்தையைக் கோமு யாரும் சொல்லாமலே அடித்தாள். கடைசி வரியில் சிரிப்பு வருவதை எடுத்துவிட்டு, நோட்டில் இருந்தபடி ‘இப்போது கேட்டாலும் அந்த இடத்தில் என் வாய் மூடிக்கொள்கிறது’ என்று சித்ரலேகா எழுதினாள். நடுவில் ஒரு வரி மிச்சம் இருந்தது. ‘நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.’ கோமு அதன் மேலும் கோடு போட்டாள். சித்ரலேகா நோட்டைப் பார்க்காமலே, நோட்டில் இல்லாததையும் சேர்த்து, அதற்கு மேல் எழுதினாள்: ‘எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.’ புத்தகத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

தில்லைநாயகம் பேனாவை ஊன்றினார். ஊன்றினது அங்கேயே நின்றது.

கணேஷ்ராம் எட்டிப் பார்த்தான். “அத்தை, இந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே. நாளைக்கு அப்பாவுக்கு விசேஷம். வாற சனம் பூரா படிக்கும்.”

“ஏலே, நீ சும்மா இரு,” என்றார் தில்லைநாயகம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். “சித்ரா, நீ எழுதினது சரியில்ல.”

“என்ன சரியில்ல? நீங்க சிரிக்கலையா?”

“சிரிச்சேன். ஆனா அவிய சிரிச்சதுக்கப்புறம் சிரிக்கல. நீ நின்ன உடனே நான்தான் மொதல்ல சிரிச்சேன். அவிய என்னையப் பாத்துட்டுத்தான் சிரிச்சாவ. பொண்ணோட அண்ணனே சிரிக்கான், நமக்கென்னன்னு.”

மண்டபத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோமு அடிக்குச்சியைக் கையில் பிடித்தபடி இருந்தாள். முப்பத்து மூன்று வருஷமாகச் சித்ரலேகா கோபித்துக்கொண்டிருந்தது, முகம்கூட நினைவில்லாத மாப்பிள்ளை வீட்டார் மேலே. பாதிக் கோபத்தை மறந்துபோன வார்த்தையின் மேல் வைத்திருந்தாள், மீதியைத் தன் மேலேயே வைத்திருந்தாள். இந்த மனிதர் இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவள் எழுதியதற்குக் கும்பிடு போட்டது இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. வரட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை.

புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மதினியிடமிருந்து அடிக்குச்சியை வாங்கி, தான் எழுதிய இரண்டு வாக்கியத்தின் மேலும் தானே கோடு போட்டாள். அதற்கும் மேலே, இடம் போதாததால் பொடி எழுத்தில், அத்தனை அழகாக எழுதினாள்: ‘முதலில் சிரித்தவர் என் அண்ணாச்சி. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.’ எழுதி முடித்து, பேனாவைத் திருப்பி அண்ணனிடம் நீட்டினாள்.

“வைங்க அண்ணாச்சி,” என்றாள். “நூத்தம்பதுலயும் வைங்க.”